பச்சை போர்டு வைத்தால் போதுமா?

மாம்பலம் ரெயில் நிலையம். மாலை ஆறரை மணி. மின்சார ரெயிலில் இருந்து கூட்டம் இறங்குகிறது. படிக்கட்டு ஓரம் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் பச்சை பெயிண்டில் ஒரு போர்டு: "ஆர்கானிக் காய்கறி. மரபணு மாற்றம் செய்யாதது."

கத்திரிக்காய் கிலோ 90 ரூபாய். பத்தடி தள்ளி இன்னொரு வண்டி. அதே நிறம், அதே சைஸ். அங்கே 40 ரூபாய்.

"ஏன்பா இவ்வளவு விலை?" என்று ஆபீஸ் பையோடு ஒருவர் கேட்கிறார்.

"மருந்தே அடிக்காத காய் சார். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க. குழந்தைங்களுக்குக் குடுங்க."

குழந்தைகள் என்றதும் பர்ஸ் திறக்கிறது!

நகரில் தினமும் எங்காவது நடக்கிற காட்சிதான் இது. வாங்குகிறவரை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. அவர் பயந்து போயிருக்கிறார். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-ம் ஆண்டிலேயே தடை வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2015-ல், தமிழ்நாட்டில் இருந்து வரும் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று கேரளா புகார் கிளப்பியது. தமிழக அதிகாரிகள் மறுத்தார்கள். ஆனால் சாம்பாரில் கிடந்த கறிவேப்பிலையைப் பார்த்து யோசிக்காத வீடு அப்போது குறைவு.

ஆக, நல்ல காய் தேடுவது தப்பில்லை. ஆனால் கூடுதலாகக் கொடுத்த 50 ரூபாய்க்கு அத்தாட்சி என்ன?

இலை முத்திரை

அத்தாட்சி இருக்கிறது. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆர்கானிக் உணவுக்கு என்றே 2017-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதி கொண்டு வந்தது. ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் பாக்கெட்டில் "ஜைவிக் பாரத்" என்ற முத்திரை இருக்க வேண்டும். அதில் ஓர் இலை இருக்கும். பக்கத்தில் சான்று கொடுத்த அமைப்பின் விவரமும், ஆணையத்தின் 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் இருக்க வேண்டும்.

சும்மா கிடைக்கிற முத்திரை அல்ல அது. தேசியச் சான்றிதழ் திட்டத்தில், நெல், காய்கறி போன்ற பயிர் என்றால் விதைக்கும் முன்பே இரண்டு வருஷம் நிலத்தில் ரசாயன உரம், மருந்து எதுவும் போட்டிருக்கக் கூடாது. மா, தென்னை போன்றவற்றுக்கு மூன்று வருஷம். அந்த இரண்டு மூன்று வருஷமும் விளைச்சல் குறைந்து, விலையும் ஏறாமல் தவிக்கிற விவசாயிக்குத்தான் கூடுதல் காசு போய்ச் சேர வேண்டும். இங்கே அதை பெயிண்ட் டப்பா வாங்கியவர் எடுத்துக்கொள்கிறார்.

தானே பயிரிட்டுத் தானே நேரில் விற்கிற சிறு விவசாயிக்கு முத்திரையில் இருந்து விலக்கு உண்டு. கோயம்பேட்டில் மூட்டை எடுத்து வந்து போர்டு மாட்டுகிறவருக்கு அந்த விலக்கு கிடையாது.

பறக்காத எருமை

அடுத்தது அந்த "மரபணு மாற்றம் செய்யாதது." கத்திரிக்காய் மேல் இதை எழுதுவது, "என் எருமை பறக்காது" என்று விளம்பரம் கொடுக்கிற மாதிரி!

மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை போட்டார். 2019-ல் அரியானாவில் ஒரு வயலில் திருட்டுத்தனமாகப் பயிரானது பிடிபட்டது உண்மை. மற்றபடி, சட்டப்படி மார்க்கெட்டுக்கு வரும் எந்தக் கத்திரிக்காயும் மரபணு மாற்றாததுதான். 40 ரூபாய் வண்டியில் இருப்பதும் சேர்த்து! போதாக்குறைக்கு, ஆர்கானிக் விதியிலேயே மரபணு மாற்றிய விதைக்கு இடமில்லை. முத்திரை உள்ள பொருளில் இந்த வாசகத்துக்குத் தனியாகக் காசு கொடுப்பது இரட்டைச் செலவு.

கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்பதில்லை. அது எண்ணெய் பாக்கெட். இந்தியாவில் 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி அதுதான். அந்தப் பருத்தியின் கொட்டையில் இருந்து சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளில் இருந்து கப்பலில் வருகிற சோயா எண்ணெயும் அநேகமாக மரபணு மாற்றிய சோயாவில் இருந்து எடுத்ததே. மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தால் இந்தப் பெயர்கள் கண்ணில் படும்.

சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சாது, பயம் வேண்டாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இருக்கட்டும். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டாமா? மரபணு மாற்றிய பொருள் 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்று ஆணையம் 2021-ல் ஒரு வரைவு வெளியிட்டது. 2022-ல் திருத்தி இன்னொரு வரைவு வெளியிட்டது.

வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இருக்கிறது. மரபணு மாற்றிய எள்ளோ தென்னையோ வேர்க்கடலையோ எந்த நாட்டிலும் விற்பனைக்குப் பயிராவதில்லை. அவற்றின் பாட்டிலில் "நான் ஜி.எம்.ஓ." என்று ஒட்டி விலை ஏற்றினால், அதுவும் பறக்காத எருமை கதைதான்.

மாதச் சம்பளக்காரர் எல்லாவற்றையும் முத்திரையோடு வாங்க முடியாது. கட்டுப்படியாகிற ஒன்றிரண்டை, தினமும் சாப்பிடுகிற அரிசி, பருப்பு போன்றதை, முத்திரை பார்த்து வாங்கலாம். மீதிக் காயை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் மேலே ஒட்டிய மருந்து பெருமளவு போகும். உள்ளே இறங்கியது போகாது. அது வயலில் தடுக்க வேண்டிய சமாச்சாரம்.

போர்டைத் தடுப்பது அதிகாரிகள் வேலை. மாம்பழ சீசன் வந்தால் கோயம்பேட்டில் கார்பைடு கல் வேட்டை நடக்கிறது. பழங்களை அள்ளிக் கொட்டி அழிக்கிறார்கள், பத்திரிகையில் போட்டோ வருகிறது. நல்ல காரியம்! பொய் லேபிளுக்கும் சட்டம் இருக்கிறது. 2006-ம் வருஷச் சட்டப்படி தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

பச்சை போர்டுக்கு முன்னால் அந்த ஜீப் எப்போது வந்து நிற்கும்?