கைநாட்டுத் தலைமுறைக்குத் தீராத கடன்

“வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது, இந்த வயதில் தோட்டத்துக் கிழவிக்கு இணையவழி வகுப்பு ஒரு கேடா?” என்று கேட்கின்றனர் சிலர். கொழும்பில் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்போர் கேட்டால் நாம் வியப்படைய மாட்டோம். நமது மேடையில், நமக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்க நண்பர்களும் அதையே கேட்கின்றனர். ஆகவே விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1973ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் “மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்” தொடங்கப்பட்டது. ஓய்வு பெற்றோர் பரீட்சையின்றிப் பட்டமின்றி, அறிவின் இன்பத்துக்காகவே கற்கும் இடம் அது. அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. 2020இன் கொள்ளைநோய்க்குப் பின் அத்தகைய வகுப்புகள் பல இணையத்தில் ஏறின. ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளரும் பேராசிரியரும் வீட்டுச் சாய்மனையில் இருந்தபடியே சரித்திரமும் சங்கீதமும் கற்கின்றனர். கற்கட்டும், நாம் அதைப் பழிக்கவில்லை. கற்பதற்கு வயதெல்லை இல்லை என்பது உண்மையாயின், அவ்வுண்மை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயக் காம்பராக்களுக்கும் உண்மையாதல் வேண்டும். இதுவே நம் வழக்கு.

கல்லாதவரா? கற்பிக்கப்படாதவரா?

கணக்குப் பார்ப்போம். 1907ஆம் ஆண்டின் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் தலையில் வைத்தன. கொழுந்துக்கும் இறப்பர்ப் பாலுக்கும் கையாட்கள் வேண்டியவனிடமே அக்கைகளுக்குப் பேனா கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தனர்! விளைந்தது என்ன? ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், மிஞ்சினால் ஐந்தாம் வகுப்பு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு ஒளி தந்தது. தோட்டப் பாடசாலை அவ்வொளிக்கு வெளியிலேயே நின்றது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான்.

இன்று அறுபத்தைந்து வயது நிரம்பிய தாயொருத்தி 1960ஐ ஒட்டிப் பிறந்தவர். அவர் பள்ளி செல்ல வேண்டிய வயதில் அரசின் பள்ளி அவருக்கு இல்லை. பதின்மூன்று வயதில், 1973-74 பஞ்சத்தில், தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்டதைக் கண்டார். இழந்த கல்வியை ஈடுசெய்திருக்கக்கூடிய இளமையிலோ 1977இன் கலவரம் வந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியபோது அவர் வயதினர் நாற்பதைத் தாண்டிவிட்டனர்.

இவரையா “படிக்காதவர்” என்கிறீர்கள்? படிக்கவிடாமல் தடுக்கப்பட்டவர் என்று சொல்லுங்கள்! நாற்பதாண்டுக் காலம் செக்றோலில் அவருக்குப் பேர் விழுந்தது. எடை குறைந்த நாளில் அரைப்பேர் விழுந்தது. ஆயிரமாயிரம் முறை பிறர் எழுதிய தம் பெயரைத் தாம் ஒருமுறையேனும் எழுதியறியார். அவருக்குக் கல்வி கொடுப்பதைத் தருமம் என்று பேசுவோர் கடனுக்கும் தருமத்துக்கும் வேறுபாடு அறியாதார். கடன்காரன் வட்டியோடு திருப்பிக் கொடுக்கையில் அதற்கு அன்னதானம் என்று பெயரில்லை.

தாளில் ஏமாந்தவர் திரையிலும் ஏமாறுவதா?

சென்ற ஆண்டு எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தாயொருவர் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றைச் சுமந்துகொண்டு நமது காரியாலயத்துக்கு வந்தார். உள்ளே அவர் வாழ்வு முழுவதும் தாள்களாகக் கிடந்தது. பிறப்புச் சான்றில் ஒரு பெயர். அடையாள அட்டையில் எழுத்து மாறிய பெயர். சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவதொரு பெயர். எழுதியவர்கள் மூவர், மூவரும் அவரைக் கேட்டு எழுதினரேயன்றி, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டியிருந்தால் அன்றே திருத்தியிருக்கலாம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. பெண்கள் ஐம்பது வயதில் அந்நிதியைப் பெறலாம் என்பது அதன் விதி. அத்தாயோ தம் பணத்துக்காகப் பல ஆண்டுகள் பல படிகள் ஏறி இறங்கியிருந்தார். இப்படியொரு தகரம் ஒவ்வொரு லயத்திலும் உண்டென்பதை நம் வாசகர் அறிவர்.

இது தாளின் காலத்து அவலம். இப்போது அரசாங்கமே இணையத்துக்குக் குடிபெயர்கின்றது. உதவித் தொகைக்குப் பதிவு, வங்கிக் கணக்கு, அடையாளச் சான்று, கட்டணம் யாவும் கைத்தொலைபேசிக்குள் புகுகின்றன. திரையைப் படிக்க இயலாத முதியவர் என் செய்வார்? கடைக்காரரிடம் தொலைபேசியை நீட்டுவார். இரகசிய எண்ணையும் சொல்வார். நேற்று அவருடைய பெருவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்தினர். இன்று அவருடைய தொலைபேசியை வாங்கித் தம் விரலால் அழுத்துகின்றனர். இடையே எந்தச் சுதந்திரம் வந்தது?

இரண்டு போலி மருந்துகள்

இக்குறையைத் தீர்ப்பதாகக் கூறிப் போலி மருந்துகள் இரண்டு விற்கப்படுகின்றன.

முதலாவது, பதாகை கட்டி, விளக்கேற்றி, “இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம்” என்று கைகழுவும் வகுப்பு. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்ட நாட்களில், தொலைபேசி அலையைத் தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் குன்றுகளில் ஏறினரே, அதை மறந்துவிட்டோமா? பத்து வயதுச் சிறுவன் ஏறிய குன்றில் எழுபது வயது மூதாட்டியையும் ஏறச் சொல்வதா? கணினி அறிவுபற்றிய அரசாங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்புகளே நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டத்தைக் கடைசியில் காட்டி வருகின்றன. மேலும், நுவரெலியாவில் நம்மவர் செறிந்து வாழ்கின்றனர். சபரகமுவவிலோ சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்கின்றனர். அலுவலகத்தின் வாய்மொழி சிங்களம். வகுப்பின் மொழியும் அதுவேயாயின், பூட்டிய கதவின்மேல் இன்னொரு பூட்டு.

இரண்டாவது போலி மருந்து இன்னும் நயமானது. “பொத்தானை அழுத்தக் கற்பித்தால் போதும்” என்பது அது. பணம் எடுக்கவும் பற்றுச்சீட்டுச் செலுத்தவும் தெரிவது தேவை, மறுப்பாரில்லை. கொழும்புச் சீமாட்டிக்குச் சரித்திரமும் சங்கீதமும், காவத்தைத் தொழிலாளிக்குப் பொத்தான் மட்டும் என்றால் அது துரைமார் காலத்துக் கணக்கல்லவா? ஐந்தாம் வகுப்புக்கு மேல் கூலிக்கு எதற்கு என்றவனின் குரலே அதில் கேட்கிறது. நம் தாய்மாரும் தந்தைமாரும் தங்கள் சரித்திரத்தைக் கற்கட்டும். தோட்டத் தொழிலாளருக்கு 1931இல் சங்கம் கண்ட கோ. நடேசய்யரை அறியட்டும். கூட்டந்தோறும் பாட்டாலே அரசியல் போதித்த மீனாட்சியம்மாளை அறியட்டும். எழுத்தறியா மக்களுக்கு அவ்வம்மையார் நடத்தியதும் முதியோர் வகுப்பன்றி வேறென்ன? சட்டத்தையும் உடல்நலத்தையும் அயலவரின் மொழியையும் கற்கட்டும். அவர்கள் நெஞ்சில் கிடக்கும் மலையகப் பாடல்களை அதே திரையின் வழியே மற்றத் தோட்டத்தாருக்குக் கற்பிக்கட்டும்.

நடந்ததே நமக்குச் சாட்சி

கனவு என்பீரா? தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தை நோக்குங்கள். 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் எழுந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். ஊர் நகைத்தது, அவர்களோ ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தனர். அன்று சைக்கிள் அவர்களுக்கு என்னவாயிருந்ததோ, அதுவே இன்று நம் முதியோருக்குக் கைத்தொலைபேசி.

கேரளத்தை நோக்குங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை என்னும் பஞ்சாயத்து 2022இல் தன் மக்கள் அனைவருக்கும் டிஜிட்டல் அறிவு புகட்டிற்று. அது மாநிலமெங்கும் பரவி, 21 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பயிற்றப்பட்டு, 2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமென அறிவிக்கப்பட்டது. தொண்ணூறு கடந்தோரும் அதில் கற்றனர். வெற்றியின் இரகசியம் யாது? தொண்டர்கள் இணைப்பை அனுப்பிவிட்டு இருக்கவில்லை. வீட்டுத் திண்ணைக்கும் வேலைத் தளத்துக்கும் நேரே சென்று, பக்கத்தில் அமர்ந்து கற்பித்தனர்.

“அங்கே பஞ்சாயத்து உண்டு, இங்கே தோட்டம் கம்பனியின் நிலம்” என்பர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் செலவிட இடந்தரவில்லை என்பது ஒரு காலத்தில் மெய். அச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. செத்துப்போன சாக்கைச் சபைகள் இன்னும் சுமந்து திரிய வேண்டாம்.

நாம் கேட்பவை

வகுப்பு தோட்டத்துக்குள் வரட்டும். பிள்ளைக் காம்பராவோ வாசிகசாலையோ, கூரையுள்ள ஓரிடம் போதும். ஒரு பெரிய திரையும் உறுதியான இணைப்பும் வேண்டும். ஆசிரியர் தொலைவிலிருந்து தமிழில் பேசட்டும். தோட்டத்திலேயே பிறந்து உயர்தரம் கற்ற இளைஞர் ஒருவர் ஊதியம் பெற்று, முதியோர் பக்கத்தில் இருக்கட்டும். நேரத்தைத் தோட்டத்தின் வாழ்வே வகுக்கட்டும்: இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நண்பகலோடு முடியும், தேயிலைத் தோட்டத்தில் மாலையாகும். பேரப்பிள்ளையைச் சுமந்து வரும் பாட்டிக்கும் பாயில் இடமிருக்கட்டும்.

பணம் யார் தருவது? அரசும் பிரதேச சபையும் கம்பனியும் தரட்டும். தொழிற்சங்கங்களும் தரட்டும்! நாற்பதாண்டுகள் அம்முதியோரின் சம்பளத்தில் மாதந்தோறும் சந்தா கழித்தோம். கைதூக்கக் கற்பித்தோம், கையெழுத்திடக் கற்பித்தோமா? இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? எழுத்தறியாமையை முற்றாக ஒழித்தலும், எல்லா மட்டங்களிலும் கல்வியைச் சமமாகப் பெறும் உரிமையை யாவருக்கும் உறுதிசெய்தலும் அரசின் குறிக்கோள் என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை முழங்குகிறது. யாவருக்கும் என்றால் யாவருக்குமே. அறுபதுக்குக் கீழ் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனால் 29ஆம் உறுப்புரை, இக்கோட்பாடுகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாது என்று வாயை அடைக்கிறது. வழக்கறிஞராகிய நாம் இதை மறைக்க மாட்டோம். நீதிமன்றம் செல்ல வழியில்லாத உரிமைக்கு மக்கள் மன்றம் ஒன்றே வழி. ஆகவே தோட்டந்தோறும் கூட்டம் கூடுங்கள். பிரதேச சபைக்கும் நிருவாகத்துக்கும் கோரிக்கை எழுதுங்கள். எழுதியதை முதியோருக்கு வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். வகுப்பு அன்றே தொடங்கிவிடும்.

நம்மிடம் வந்த அந்தத் தாயின் சத்தியக் கடதாசியில் அன்றும் பெருவிரல் ரேகையே விழுந்தது. மைப்பெட்டியை அவர் முன் நகர்த்தியது நம் கை. அடுத்த தாய் வரும்போது நாம் பேனாவை நகர்த்த வேண்டும். அதை ஏந்த அவர் கற்றிருக்க வேண்டும்.