மேலே தோஷிபா, உள்ளே யாரோ

ஆம்ப்ளிபயருக்கு அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றிக் கொடுக்கவே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. வேலையில் சந்தேகமில்லை, வாங்கிப் போடும் பொருளில்தான் சந்தேகம். ஆன்லைனில் வரும் 5200-1943 ஜோடியைக் கையில் எடுத்தால் கறுப்பு உடம்பு, மூன்று கால், தோஷிபா பெயர் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. மல்டிமீட்டரில் இரண்டு ஜங்ஷனும் சரியாகக் காட்டுகிறது. போர்டில் ஏற்றி கரண்ட் கொடுத்தால் சீரிஸ் பல்பு ஒருமுறை மின்னி அடங்கிவிடுகிறது. பாட்டும் சுத்தமாக வருகிறது. கடையில் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போகிற வண்டியில் ஏற்றி, நடுராத்திரியில் மேளத்துக்குச் சமமாகச் சத்தத்தைக் கூட்டும்போது 'பட்' என்று போகிறது.

போனால் அது மட்டும் போவதில்லை. கலெக்டரும் எமிட்டரும் உள்ளே ஒட்டிக்கொள்ள, சப்ளை வோல்டேஜ் அப்படியே ஸ்பீக்கருக்குள் பாய்ந்து காயிலைக் கருக்குகிறது. எதிர் ஜோடி போகிறது, டிரைவர் போகிறது, எமிட்டர் ரெசிஸ்டர் கரிக்கட்டையாகிறது. விடிந்ததும் மைக் செட்டுக்காரர் கடை வாசலில் நிற்பார். "நேத்துதான சரி பண்ணித் தந்திய, அண்ணாச்சி?" அவரிடம் என்ன சொல்ல? தசரா குழுவிடம் பேசிய வாடகை போய்விட்டது, அடுத்த வருஷத்து ஆர்டரும் சந்தேகம். விற்றவன் பெயர் யாருக்கும் தெரியாது. சரி பண்ணினவன் பெயர்தான் ஊர் முழுக்க அடிபடுகிறது.

அசல் 5200 தாங்குவது 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். அந்த 150 வாட்டைத் தாங்க உள்ளே சிலிக்கான் சில்லு பெரிதாக இருக்க வேண்டும், அதன் அடியில் கனமான செம்புத் தகடு வேண்டும். போலியில் சின்ன டிரான்சிஸ்டருக்கான பொடிச் சில்லு ஒன்றை உட்கார வைத்து, மேலே பெரிய பெயரை அடித்துவிடுகிறார்கள். சில்லு சிறிதானால் அதில் பிறக்கும் சூடு தகட்டுக்கு இறங்கி வர வழியில்லை. ஹீட் சிங்கைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், உள்ளே சில்லு உருகிக்கொண்டிருக்கும். எவ்வளவு மைக்கா, எவ்வளவு பேஸ்ட், எவ்வளவு பெரிய மின்விசிறி வைத்தாலும் இதற்கு மருந்து கிடையாது.

கண்டுபிடிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் எழுத்தைத் தேய்த்துப் பார்க்கலாம். எழுத்தோடு கறுப்பும் சேர்ந்து வந்தால், பழைய பெயரைச் சுரண்டி மேலே பூசியிருக்கிறார்கள். கால்களைப் பார்க்கலாம். நம் ஊர் உப்புக்காற்றில் கால் கறுப்பது சகஜம், ஆனால் புதிதாகப் பார்சல் பிரித்த பீஸில் பழைய ஈயத்தின் தடம் இருந்தால் அது எங்கோ ஒரு குப்பை போர்டிலிருந்து கழற்றியது. தேதிக் குறியீட்டையும் படிக்க வேண்டும். மோட்டோரோலா தன் டிரான்சிஸ்டர் தொழிலை 1999-இல் ஆன் செமிகண்டக்டர் என்று தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. 2018-இல் செய்ததாகக் குறியீடு போட்ட மோட்டோரோலா 3055 கைக்கு வந்தால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

இன்வெர்ட்டரில் போடும் மாஸ்ஃபெட்டுக்கு இன்னும் நல்ல சோதனை உண்டு. 3205-க்கு டேட்டாஷீட்டில் இன்புட் கெபாசிட்டன்ஸ் சுமார் 3,250 பிகோஃபாரட், இசட்44-க்கு சுமார் 1,470. விலை குறைந்த இசட்44-ஐ 3205 என்று பெயர் மாற்றி அனுப்பினால், கெபாசிட்டன்ஸ் அளக்கும் சின்ன டெஸ்டர் ஒன்றே காட்டிக்கொடுக்கும். 5200-க்கும் பேஸ்-கலெக்டர் நடுவே அளந்து பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, பழைய கம்பெனி செட்டிலிருந்து கழற்றிய அசல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அசலைவிட மிகவும் குறைத்துக் காட்டினால் உள்ளே இருப்பது பொடிச் சில்லு.

இவை எல்லாமே சந்தேகத்தை உறுதியாக்கத்தான் உதவும். இவற்றில் தப்பிவிட்டதாலேயே அது அசல் ஆகிவிடாது. தீர்மானமான சோதனை ஒன்றுதான், உடைத்துப் பார்ப்பது. 3055-இன் தொப்பியை ரம்பத்தால் அறுத்து, 5200-ஐக் குறட்டில் நெரித்துச் சில்லின் அளவைக் கண்ணால் பார்க்க வேண்டும். உடைத்த பிறகோ, விற்றவர்கள் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். உடைக்காமல் எழுதினால், போலி என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரத்தைக் கொடுத்தால் பொருளே இல்லை என்கிறார்கள். இந்த வட்டத்துக்குள் எங்களை ஓட விடுவதுதான் எனக்கு ஆறவே இல்லை. மிஞ்சிப்போனால் டிரான்சிஸ்டர் விலையைத் திருப்பிக் கொடுப்பார்கள். எரிந்த ஸ்பீக்கருக்கும் போன பெயருக்கும் பொறுப்பேற்க ஆள் இல்லை. அதே விற்பனையாளர் அடுத்த வாரம் வேறு பெயரில், அதே படத்தோடு, ஐந்து நட்சத்திரத்தோடு கடை விரிக்கிறார்.

பாட்டு நின்றதோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படகுகளின் விஎச்எஃப் செட்டும் எங்கள் மேஜைக்கு வருகிறதே. "கேக்குது, நாம பேசுனா போவ மாட்டேங்கு" என்று கொண்டுவந்தால், பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கும். கடல் விஎச்எஃப் செட் 25 வாட் கொடுக்க வேண்டும். போலி மூன்று நான்கு வாட்டோடு நின்றாலும் துறைமுகத்துக்குள் எல்லாருக்கும் கேட்கும், சரியாகிவிட்டது என்று வாங்கிப் போவார்கள். ஆழ்கடலில் இன்ஜின் நின்று, காற்று எழும்பி, கூப்பிடும்போது கரைக்கு எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலை மறக்காத கடற்கரை இது. இங்கே ஒரு டிரான்சிஸ்டரில் ஏமாற்றுவதைச் சில்லறைத் திருட்டு என்று என்னால் சொல்ல முடியாது.

அமெரிக்கக் கடற்படையே இதில் ஏமாந்திருக்கிறது. அந்நாட்டு செனட்டின் ராணுவக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், 2009, 2010 இரண்டு ஆண்டுகளில் சுமார் 1,800 சம்பவங்களும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சந்தேகப் பாகங்களும் கணக்கில் வந்தன. கடற்படை ஹெலிகாப்டரின் இரவுப் பார்வைக் கருவிக்குள் இருந்த டிரான்சிஸ்டர், ஷென்சென் நகரக் கம்பெனி ஒன்றிலிருந்து பல கை மாறி வந்திருந்தது. அவ்வளவு பெரிய நாடு விசாரணைக் குழு வைத்துக் கண்டுபிடித்ததை, டெஸ்டரும் ரம்பமும் வைத்திருக்கும் மெக்கானிக் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

எங்கள் தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. எடுத்த முத்தை அளவு அளவாகத் துளையிட்ட சல்லடைகளில் சலித்து, எடை போட்டு, நிறமும் உருட்சியும் பார்த்துத்தான் விலை சொன்னார்கள். முத்தின் மேல் எழுத்து கிடையாது, முத்தையே பார்த்தார்கள். டிரான்சிஸ்டரிலோ எழுத்து மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது, சரக்கு மூடிக் கிடக்கிறது. அதனால்தான் எழுத்தில் பொய் சொல்வதைச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 103-ஆவது பிரிவுப்படி, போலிப் பெயர் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சட்டத்தில் குறையில்லை. நூறு ரூபாய்ப் பொருளுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள் என்ற தைரியத்தில்தான் விற்கிறார்கள். சரக்கைப் பார்க்காமலே கமிஷன் எடுத்துக்கொண்டு, நாங்கள் இடையில் நிற்பவர்கள்தான் என்று கைகழுவும் தளங்கள் அந்தத் தைரியத்துக்குத் துணை.

அசல் கிடைக்கத்தான் செய்கிறது. எலிமெண்ட்14, மவுசர், டிஜிகீ போன்ற அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம் வாங்கலாம். நாலு பீஸுக்கு அனுப்புகூலி கொடுத்தால் கட்டுபடியாகாது என்பதால்தான் சின்னக் கடைக்காரர்கள் மலிவு விற்பனையாளரிடம் போய் மாட்டுகிறோம். தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி மெக்கானிக்குகள் தசராவுக்கு முன்பே சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் அந்தக் கூலி பங்காகிவிடும். மைக் செட் வைத்திருப்பவர்களும் படகுக்காரர்களும் ஒன்று செய்ய வேண்டும்: டிரான்சிஸ்டருக்கு விலை கூடச் சொன்னால் கோபப்படாமல், வாங்கிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். போலி கையில் வந்தால் குப்பையில் போடாதீர்கள், படம் எடுத்து, பார்சல் சீட்டோடு வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.