கடல் தடுக்கப்படவில்லை, கப்பலுக்குள் இருப்பது என்ன?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் திண்டிவனத்துச் சகோதரர் ஒருவர் விழுப்புரத்தில் உள்ள நம் மத்ரஸாவுக்கு வந்தார். பெயின்ட் கடை நடத்துபவர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். ஆண்டு விற்பனை இலக்கை எட்டியதற்காக, அவர் சரக்கு எடுக்கும் நிறுவனம் குடும்பத்தோடு மூன்று நாள் உல்லாசக் கப்பல் பயணத்தைப் பரிசாக அறிவித்திருந்தது. "ஹஜ்ரத், செலவு நம்முடையதில்லை. ஹலால் சாப்பாடு தனியாகக் கேட்டால் தருவார்களாம். பிள்ளைகள் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார்கள். போகலாமா?" என்று கேட்டார்.

"கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாத "கூடாது", கேட்டவர் வாசற்படியைத் தாண்டும் முன்பே வலுவிழந்துவிடும். அவரிடம் அன்று சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி இன்று பல வீடுகளில் எழுந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். மார்க்கம் கடலையும் தடுக்கவில்லை, மகிழ்ச்சியையும் தடுக்கவில்லை. கடலில் கப்பல்கள் செல்வதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் திருமறையில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். தம் சமுதாயத்தார் கடலில் பயணம் செய்வதைக் கனவில் கண்டு நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்தபோது, தமக்கும் அதில் இடம் வேண்டும் என்று துஆச் செய்யக் கேட்டவர் உம்மு ஹராம் (ரலி) என்ற பெண்மணி. அவ்வாறே கடல் கடந்து சைப்ரஸ் சென்று அங்கேயே மரணித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும், பெருநாளன்று மஸ்ஜிதில் ஹபஷிகளின் ஈட்டி விளையாட்டைக் காண அவர்களுக்குத் தோள் கொடுத்து நின்றதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. ஆகவே "முஸ்லிம் என்றால் சிரிக்கக் கூடாது, சுற்றக் கூடாது" என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

கப்பலும் நமக்குப் புதிதன்று. ரஜூலா என்ற கப்பலில் மதராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பாட்டனார்களின் பேரர்கள் நம்மில் எத்தனையோ பேர். 1926 முதல் சுமார் அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. அதன்பின் 1973இல் எம்.வி. சிதம்பரம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'பாஸ்டர்' என்ற பெயரில் சொகுசாகக் கட்டிய கப்பலை இந்திய அரசின் கப்பல் கழகம் வாங்கி, நம் மக்களை அதிகம் ஏற்றும் வகையில் மாற்றியமைத்தது. 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பயணி வாழ்வு முடிந்தது. உல்லாசத்துக்காகக் கட்டப்பட்ட கூடங்கள் பிழைக்கப் போகிறவனின் படுக்கைகளுக்கு இடம் விட்ட காலம் அது. அந்தக் கப்பலில் ஏறியவனுக்கு ஊர் போய்ச் சேர்வதே நோக்கம்.

இன்று சக்கரம் எதிர்த்திசையில் சுழல்கிறது. ஜெட் விமானங்கள் வந்த பிறகு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகக் கப்பல் தேவைப்படவில்லை. பயணிகளை இழந்த நிறுவனங்கள் கப்பலையே விடுதியாக்கின. 'பிரான்ஸ்' என்ற புகழ்பெற்ற கப்பல் 1974இல் நிறுத்தப்பட்டு, 1980இல் 'நார்வே' என்ற பெயரில் கேளிக்கைக் கப்பலாக மறுபடி வந்தது. பின்னர் கட்டப்பட்டவை தொடக்கத்திலிருந்தே கேளிக்கைக்காகவே வரையப்பட்டவை. நாடக அரங்கம், மதுக்கூடங்கள், சூதாட்டக்கூடம், நீச்சல்குளம், நீர்ச்சறுக்கு என்று ஆண்டுதோறும் புதுக் கூடங்கள் சேர்கின்றன. ஊர் போய்ச் சேர்வது இங்கே நோக்கமன்று, கப்பலே சேருமிடம்.

இந்த மாற்றத்தின் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. உலகின் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டுக்கு வெளியே, அதாவது கப்பலேறிய பிறகு பயணி செய்யும் செலவிலிருந்து வருவது தெரியும். மது, சூது, கடை, அழகு நிலையம் எல்லாம் அதில் அடக்கம். கடற்கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, நாட்டின் எல்லைக்கடல். அதைத் தாண்டினால் கரையின் சூதாட்டச் சட்டங்கள் தளர்ந்துவிடுகின்றன. "எங்கும் போகாமல் நடுக்கடல் வரை போய்த் திரும்பும்" பயணங்கள் ஏன் விற்கப்படுகின்றன என்பது இப்போது விளங்கும். "செலவு நம்முடையதில்லை" என்று சகோதரர் சொன்னார். சீட்டை யார் வாங்கிக் கொடுத்தாலும், உள்ளே வந்தவரின் பையைத் திறக்க வைப்பதற்காகவே அந்தக் கூடங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இனி நம் கரைக்கு வருவோம். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் கொர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 1990இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில், மூன்று நான்கு நாள் உல்லாசப் பயணங்களுக்காகவே அமைக்கப்பட்ட கப்பல் அது. அதே மாதம் அது புதுச்சேரிக்கு வர முயன்றபோது, சூதாட்டம் உள்ள கப்பல் என்று எதிர்ப்பு எழுந்தது. அரசு அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில் கப்பல் புதுச்சேரிக் கடலில் வந்து நின்றது. பயணிகள் படகுகளில் கரை இறக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் கதவு திறந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். இது நம் வாசலுக்கு வந்துவிட்ட விஷயம்.

"சுற்றுலா வளரும், வேலை கிடைக்கும்" என்கிறார்கள். அல்லாஹ் இதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டான். சூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்றே தீர்ப்பளிக்கிறது. பின்னர் சூரத்துல் மாயிதா இரண்டையும் முற்றாக விலக்கச் சொன்னது. எனவே வருமானக் கணக்கைக் காட்டி நம்மை வாயடைக்கச் செய்ய முடியாது.

அந்தப் பாவம் எவ்வளவு பெரியது என்பதை விழுப்புரத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. லாட்டரிச் சீட்டைத் தமிழக அரசு 2003இல் தடை செய்தது. ஆனாலும் கள்ளத்தனமாக விற்ற மூன்று எண் லாட்டரியில் பணத்தை இழந்ததால், 2019 டிசம்பரில் இதே நகரில் ஒரே குடும்பத்தில் 3 பெண் குழந்தைகள் உட்பட 5 உயிர்கள் போயின. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் மீனவர் வீடுகளில் மரண ஓலத்தை எழுப்பியது; அருகிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் எந்த மதத்தவராயினும் நம் அண்டை வீட்டார். இணையச் சூதாட்டத்தைத் தடுக்க இதே அரசு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதை நாம் வரவேற்றோம். ஆனால் கைப்பேசியில் ஆடினால் குற்றம், கரையில் ஆடினால் குற்றம், 22 கிலோமீட்டர் தள்ளிப்போய்க் குளிரூட்டிய கூடத்தில் ஆடினால் சுற்றுலா என்பது என்ன நியாயம்? ஏழையின் சூது பாவம், பணக்காரரின் சூது பொழுதுபோக்கு என்று மார்க்கம் பிரிக்கவில்லை.

சகோதரர் அடுத்து ஒன்று கேட்டார். "நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம், ஹஜ்ரத். விமானத்திலும்தான் மது தருகிறார்கள். அதில் உம்ராவுக்குப் போகவில்லையா?" நேர்மையான கேள்வி. விமானத்தில் நாம் ஏறுவது போய்ச் சேர்வதற்காக. அங்கே மது இல்லாவிட்டாலும் விமானம் பறக்கும், நாமும் ஏறுவோம். உல்லாசக் கப்பலில் ஏறுவதோ அந்தச் சபையில் இருப்பதற்காக. தேவையால் கடந்துபோகும் இடமும், மகிழ்வதற்காகத் தேடிப்போகும் இடமும் ஒன்றாகா. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகத் திர்மிதியில் வருகிறது. குடிப்பதை மட்டுமன்று, அங்கே அமர்வதையே தடுத்தார்கள். நாம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளை மூன்று நாள் தாழ்த்திக்கொள்ளுமா? எது விழாக்கோலத்தில் ஒளிர்கிறதோ அதுவே வெற்றி பெற்றவர்களின் வாழ்க்கை என்றல்லவா அது மனத்தில் பதித்துக்கொள்ளும்?

"கூடங்களை மாற்றினால் கப்பல் ஓடாது" என்ற வாதமும் பொய்த்துவிட்டது. 2017இல் 'வேர்ல்ட் ட்ரீம்' என்ற பெயரில் வந்த கப்பலை, சூதாட்ட விடுதிகளால் பெயர்பெற்ற கெந்திங் குழுமத்தின் கப்பல் நிறுவனம் நடத்தியது. அந்த நிறுவனம் 2022இல் வீழ்ந்தது. சவூதி அரசு முதலீட்டு நிறுவனம் அக்கப்பலை வாங்கி 'அரோயா' என்று பெயர் மாற்றியது. சூதாட்டக்கூடம் எடுக்கப்பட்டது, மது நீக்கப்பட்டது, தொழுகை இடங்களும் பெண்களுக்கான தனியிடங்களும் அமைக்கப்பட்டன. 2024 டிசம்பரில் அது ஜித்தாவிலிருந்து புறப்பட்டது. மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் கப்பல் விடுவோரிடம், "எங்கள் பணம் வேண்டுமென்றால் இப்படி ஒரு பயணமாவது நடத்துங்கள்" என்று கேட்கும் உரிமை முஸ்லிம்களுக்கும், குடியையும் சூதையும் வெறுக்கும் பிற சமயக் குடும்பங்களுக்கும் உண்டு.

ஆனால் அங்கேயும் எச்சரிக்கை தேவை. மதுவை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் ஹலால் ஆகிவிடாது. கூத்தும் ஆடம்பரமும், கடன் வாங்கி ஊர் மெச்சச் செய்யும் செலவும் அப்படியே இருந்தால், மாறியது பெயர்ப்பலகை மட்டுமே. வீண்விரயம் செய்வோரைத் திருமறை யாருடைய சகோதரர்கள் என்று கூறுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஆலிம்களாகிய நாம் தடுக்கப்பட்டவற்றின் பட்டியலை நீளமாக வாசிக்கிறோம். அனுமதிக்கப்பட்டதற்கு வழி திறந்து வைத்திருக்கிறோமா? நம் ஊர்களில் திருமண மண்டபங்கள் எழும்புகின்றன. ஒரு நாள் விருந்துக்கு லட்சங்கள் போகின்றன. பெண்களும் பிள்ளைகளும் மாலையில் நிம்மதியாக உட்கார ஒரு பூங்காவோ படிப்பகமோ எந்த ஜமாஅத் அமைத்திருக்கிறது? ஆண்களுக்குத் தேநீர்க்கடை உண்டு, மஸ்ஜித் திண்ணை உண்டு. வீட்டில் இருப்பவளுக்கு நான்கு சுவர்களும் ஒரு கைப்பேசியும்தான். அவள் உல்லாசக் கப்பலின் விளம்பரத்தைப் பார்த்து ஏங்கினால், அந்த ஏக்கத்தில் நம் அலட்சியத்துக்கும் பங்குண்டு.

அந்தச் சகோதரர் பரிசைப் பணமாகவோ பொருளாகவோ மாற்றித் தர முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டார். முடியாது என்றார்கள். விட்டுவிட்டார். அவருடைய மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டபோது, நமக்கும் சோறு இறங்கவில்லை. நாம் சொன்ன தீர்ப்புக்கு விலை கொடுத்தது அந்தச் சிறுமி. விலையை அவள் தலையில் மட்டும் சுமத்திவிட்டுக் கிதாபை மூடிக்கொள்வது அமானிதம் ஆகுமா?

ஆகவே ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன், விழுப்புரம், திண்டிவனம் மத்ரஸாக் குடும்பங்களை இரண்டு வேன்களில் பரங்கிப்பேட்டைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளோம். அந்தப் பழைய துறைமுக ஊரின் மஸ்ஜிதில் தொழுகை, பக்கத்தில் பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம், மாலையில் திரும்புதல். வேறோர் ஆண்டு செஞ்சிக் கோட்டையையும் அங்குள்ள சஆதத்துல்லாஹ் கான் மஸ்ஜிதையும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். உல்லாசக் கப்பலுக்கு இது ஈடாகுமா என்று பிள்ளைகள் கேட்கலாம். ஈடாகாது. ஆனால் படகில் ஏறும்போது துஆ ஓதலாம், இறங்கும்போது எதையும் மறைக்க வேண்டியிருக்காது.

ஜமாஅத் நிர்வாகிகளே, அடுத்த கூட்டத்தில் மண்டபத்து வாடகையைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள். வணிகச் சகோதரர்களே, இலக்கை எட்டும் முன்பே நிறுவனங்களிடம் சொல்லி வையுங்கள்: எங்களுக்குப் பரிசு தருவதானால், எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து அனுபவிக்கக் கூடியதைத் தாருங்கள் என்று. ஒருவர் கேட்டால் மறுப்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

வல்ல ரஹ்மான் நம் குடும்பங்களின் மகிழ்ச்சியை ஹலாலானதில் அமைத்துத் தருவானாக. ஆமீன்.