பந்தய மோட்டாரும் தவணைக் கடனும்

பினாங்கு நகரத்துத் தமிழ் வாலிபர் சிலர், பந்தய மோட்டார் ஒன்றைத் தவணையில் வாங்கலாமாவென்று ஆலோசிக்கின்றனர். ஆலோசிக்கட்டும், ஆனால் கணக்கோடு ஆலோசிக்கட்டும்.

கடன் 3 லட்சம் வெள்ளி, வருஷ வட்டி நூற்றுக்கு 3, தவணை 9 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் நெடுங்காலமாய்க் கையெழுத்திட்டு வந்த பத்திரங்களில், அசலில் எவ்வளவு கட்டித் தீர்த்தாலும் வட்டி மட்டும் முழுத் தொகைக்கே போடப்பட்டது. அவ்விதம் வட்டி 81,000 வெள்ளி. மாதத் தவணை 3,528 வெள்ளி. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்த 3 உண்மையில் ஐந்தரை! பினாங்கு வீதியில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியாரை ஏசிய நாம், பாங்கியைக் கும்பிடுகிறோம். 2025ஆம் வருஷம் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி 1,700 வெள்ளி. அக்கூலிக்கு இரண்டு தொழிலாளர் மாதம் முழுதும் உழைத்தாலும் ஒரு தவணைக்குக் காணாது. 1967ஆம் வருஷத்து வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை தீரும்வரை வண்டியும் உமதன்று.

வேகமென்பீர். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது. பழைய மைவி வண்டியும் அந்த 80ஐ எட்டும்.

ரொக்கங் கொடுத்து வாங்குவோரோடு நமக்கு வழக்கில்லை. பால்மரம் வெட்டிய தகப்பனாரின் சேமநிதியை முன்பணமாகக் கேட்கும் மகனோடுதான் வழக்கு. அத்தகப்பனார் கையெழுத்திட மறுக்க வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.