தேக்கடி ஏரி இல்லைங்க, அது ஒரு கண்மாய்

மா, தென்னை வேலையெல்லாம் ஒரு மாதிரி ஓய்ஞ்சதும் நம்ம தெருக்காரங்க பதினாலு பேர் ஒரு வேன் பிடிச்சு, ஒரே நாள்ல தேக்கடி போய்ட்டு வந்தோம். படம் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டீங்க. தேக்கடிப் படம் எல்லார் போன்லயும் இருக்கு. அதனால படத்தை விட்டுட்டு, ஒரு விவசாயி அங்க என்ன பார்க்கணும்னு எனக்குத் தோணினதை எழுதுறேன்.

வழி சொல்லிடுறேன். கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம், குமுளி. காக்கா பறக்கிற தூரத்துக்குப் பார்த்தா அந்தத் தண்ணி நமக்கு நேர் மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ரோட்டுல சுத்திப் போனா நூத்தம்பதுக்கு மேல ஆகுது. ராத்திரி மூணு மணிக்குக் கிளம்பினாத்தான் காலைப் படகு கிடைக்கும். படகுல ஒன்றரை மணி நேரம் கூட்டிட்டுப் போறாங்க. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க. யானை தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே பக்கமா எந்திரிச்சு ஓடாதீங்க. 2009 செப்டம்பர் 30-ல இதே தண்ணியிலதான் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். படகுல போறப்ப தண்ணிக்கு நடுவுல பட்டுப்போன மரங்கள் கருகருன்னு நிக்குது. அது மேல நீர்க்காகம் றெக்கையை விரிச்சு காயப்போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறாங்க. அந்த மரம் ஏன் தண்ணிக்குள்ள நிக்குதுன்னு எங்க வேன்ல வந்த பிள்ளைகள் யாரும் கேட்கலை. ஒரு காலத்துல அது காடு. மேற்கே ஓடி அரபிக்கடல்ல விழுந்துக்கிட்டிருந்த பெரியாற்றை மறிச்சு 1895-ல அணை கட்டினப்ப முங்கின காடு. அந்த ஏரியை இயற்கை உண்டாக்கலை. கிழக்கே காய்ஞ்சு கிடந்த நிலத்துக்காக மனுசன் உண்டாக்கினது. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, மலை மேல வெட்டின ஒரு பெரிய கண்மாய்.

1876-ல ஆரம்பிச்ச தாது வருசப் பஞ்சத்தைப் பத்தி நம்ம பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதுக்கப்புறம்தான் இந்த வேலை சூடு பிடிச்சது. 1886-ல திருவிதாங்கூரோட 999 வருசக் குத்தகை. பென்னிகுக் தலைமையில கட்டினாங்க. காட்டுக் காய்ச்சல்லயும் வெள்ளத்துலயும் கூலிக்காரங்க எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தாங்க. மலையைக் குடைஞ்சு சுரங்கம் வழியா தண்ணியைக் கிழக்கே திருப்பினாங்க. குமுளியில இருந்து இறங்கும்போது மலைச்சரிவுல பெரிய பெரிய குழாய் இறங்குது பாருங்க, அதுதான் அந்தத் தண்ணி. லோயர் கேம்ப்ல கரண்ட் எடுத்துட்டு, கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகத்தை நனைச்சுட்டு, வைகை அணை வழியா மேலூர் வரைக்கும் போகுது. லோயர் கேம்ப்ல பென்னிகுக் மணிமண்டபம் இருக்கு, வேனை நிறுத்திப் பாருங்க. ஜனவரி 15 அவரு பிறந்த நாள், அந்தப் பக்க விவசாயிங்க பொங்கல் வைக்கிறாங்க. தண்ணி கொடுத்தவனை ஜனம் மறக்காது.

அணைச் சண்டை எல்லாருக்கும் தெரியும். 2014-ல உச்ச நீதிமன்றம் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொல்லிடுச்சு. அதை வக்கீலுங்க பார்த்துக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற. அந்தக் கண்மாய்க்குத் தண்ணி எங்கிருந்து வருது? சுத்தி நிக்கிற காட்டுல இருந்து. 1950-ல சரணாலயம், 1978-ல புலிகள் காப்பகம், 1982-ல நடுக்காடு தேசியப் பூங்கான்னு அந்தக் காட்டைப் படிப்படியாப் பூட்டி வச்சாங்க. புலிக்குன்னு பூட்டினாலும், பலன் மேலூர் வயக்காடு வரைக்கும் வருது.

இதை வேன்ல சொன்னப்ப பின் சீட்டுல இருந்து மாமா ஒருத்தர், “அவங்களுக்குக் காட்டுல இருந்து தண்ணி வருது மாப்ள. நமக்குக் காட்டுல இருந்து பன்னிதான வருது”ன்னாரு. வேனே சிரிச்சுது. ஆனா அவரு சொன்னதுல பாதி நெசம். அடிவாரத்துல தோப்பு வச்சிருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஒரே ராத்திரியில யானை பத்துத் தென்னங்கன்னோட குருத்தை உருவிட்டுப் போயிடும். காட்டுப்பன்னி கடலைக்கொல்லையை உழுதுபோட்டுடும். நட்ட ஈடு வாங்க மனு எழுதி, படம் எடுத்து, நாலு தடவை அலைஞ்சு கைக்கு வர்றதுக்குள்ள அடுத்த வெள்ளாமையே வந்துடும். மாடு வச்சிருக்கிறவனுக்கு 2022-ல வந்த உயர் நீதிமன்ற உத்தரவுல காப்பகத்துக்குள்ள மேய்ச்சலும் போச்சு.

மீதிப் பாதியை மாமா விட்டுட்டாரு. நமக்கும் அந்த மலையில இருந்துதான் தண்ணி வருது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணை ரெண்டும், அந்தத் தண்ணியை நம்பி இருக்கிற வத்திராயிருப்புக் கண்மாய்களும் எதை நம்பி நிக்குது? ராஜபாளையத்துக்காரங்க குடிக்கிற ஆறாவது மைல் தண்ணி எங்க பிறக்குது? மலைக்குக் கிழக்கே நாம மழை மறைவுல இருக்கோம். கிடைக்கிற கொஞ்ச மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சு, தை மாசம் வரைக்கும் ஓடையில விடுறது அந்தக் காடுதான். 1988-ல சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் வந்துச்சு. 2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்துச்சு. அது தேக்கடிக் காட்டோட ஒட்டினது. எல்லைக்கோடு நமக்குத்தான், யானைக்கும் மேகத்துக்கும் இல்லை.

அதனால என் கருத்து இதுதான். காப்பகம் வேண்டாம்னு கொடி பிடிக்கிறது நம்ம கிணத்தை நாமே தூர்க்கிற வேலை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்போம். பயிர்ச் சேதத்துக்கு அந்தப் போகத்துக்குள்ளேயே காசு வரணும். மலையடிவாரத்துல அகழி தூர்ந்துபோகாம இருக்கணும். மேய்ச்சல் போன வீட்டுக்கு மாத்து வழி வேணும். மலை கொடுக்கிற தண்ணியைத் தேக்க நம்ம வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுத்து, கண்மாயைத் தூர் வாரணும். காட்டைக் காப்பாத்துற செலவு முழுக்க அடிவாரத்துக்காரன் தலையில மட்டும் விழுந்தா, காடு நிக்காது.

இன்னொண்ணு நமக்கே சொல்லிக்க வேண்டியது. தேக்கடியில பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாதுன்னா, கையைக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் வேன்லயே வச்சுட்டுப் போறோம். அதே ஆளுங்க செண்பகத்தோப்புக்கும் அய்யனார் கோவில் ஆத்துக்கும் போனா, பேப்பர் தட்டையும் பாட்டிலையும் பாறை இடுக்குல சொருகிட்டு வர்றோம். அடுத்தவன் கண்மாய்க்கு மரியாதை, நம்ம ஓடைக்குக் குப்பையா?

பிள்ளைகளைத் தேக்கடிக்குக் கூட்டிட்டுப் போங்க. யானையைக் காட்டுங்க. கூடவே தண்ணிக்குள்ள நிக்கிற அந்த மொட்டை மரத்தையும் காட்டி, இது எதுக்காக முங்குச்சுன்னு சொல்லுங்க. உங்க பக்கத்துல யானை, பன்னிச் சேதத்துக்கு எத்தனை நாள்ல ஈடு வந்துச்சுன்னு எழுதுங்க. எல்லாத்தையும் சேர்த்து ஒரே மனுவாக் கொடுப்போம்.