கிளினிக் கொப்பியில் ஏறாத செலவு

அரச வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கில் நம்மில் யாரும் நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. வைத்தியரைப் பார்ப்பதும், ஊசியும், மருந்தும், விடுதியில் தங்குவதும் இலவசம். காப்புறுதி இல்லாத மனநோயாளி எங்கே போவது என்று பல நாடுகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, அந்தச் சிக்கல் நமக்கில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் சந்தியில் மேற்கே திரும்பிப் புலிபாய்ந்தகல் பாதையில் கொஞ்ச தூரம் போனால், இலவசமான வைத்தியத்துக்கு ஒரு குடும்பம் எவ்வளவு கொடுக்கிறது என்பது தெரியும்.

கிரானில் காப்புறுதி என்றால் நெல்லுக்கு, இல்லையென்றால் மோட்டார் சைக்கிளுக்கு. அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார உண்டு. வயல் கூலிக்கும், மாட்டுப்பட்டி பார்ப்பவருக்கும், ஆற்றில் வலை போடுபவருக்கும் அப்படி எதுவும் கிடையாது. கோறளைப்பற்று தெற்குப் பிரதேசச் செயலகப் பிரிவின் பெரும்பகுதி சந்திக்கு மேற்கேதான் கிடக்கிறது: திகிலிவெட்டை, பொண்டுகள்சேனை, முறுத்தானை, பேரில்லாவெளி, வடமுனை, ஊத்துச்சேனை, குடும்பிமலை. மாரியில் வெள்ளம் பாய்ந்து பாதை மூடினால் இந்த ஊர்ச் சனம் படகில்தான் கிரானுக்கு வரும். பட்டிக்காரர் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மாடுகளோடு போனால் வீடு திரும்ப நாளெடுக்கும்.

இந்தப் பக்கத்தில் நாலு கிழமைக்கு ஒருமுறை ஃபுளூபெனசின் ஊசி போட வேண்டிய ஓர் இளைஞன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் தனியே வரமாட்டான், தாய் கூட வர வேண்டும். இருவருக்கும் படகு அல்லது உழவு இயந்திரம், பிறகு ஆட்டோ, பிறகு வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ். நேரத்துக்கு நம்பர் எடுக்க வேண்டுமென்றால் இருட்டோடு புறப்பட வேண்டும். கிளினிக் முடிய மத்தியானம், சாப்பாடு கடையில். தாயின் கூலி அன்றைக்கு இல்லை. தகப்பனும் வயலை விட்டுவிட்டு வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க நேர்ந்தால் அவருடைய கூலியும் இல்லை. இத்தனைக்கும் பிறகு மருந்து யன்னலில், “ஒரு வகை இல்லை, வெளியில் வாங்குங்கள்” என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் விலை ஏறி, அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தத் துண்டு எல்லா ஊரிலும் பழகிப்போனது. பாமசியில் மாத்திரையின் விலையைக் கேட்டுவிட்டு, பத்து நாளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். மீதி இருபது நாளுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பதுதான் அரிது.

மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று குறைவில்லை. சிகிச்சையால் நிலைப்பட்ட சிசோஃப்ரினியா நோயாளிகளைப் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரையில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியோர் மருந்து எடுத்தவர்களில் 27 வீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 64 வீதம். நோய் திரும்பினால் பிள்ளை விடுதிக்குப் போவான், தாயும் கூடவே நிற்பார். தோடு அடகுக்குப் போகும், கன்று விற்கப்படும், நுண்கடன்காரருக்குக் கட்ட வேண்டிய தவணை தவறும். பஸ் காசு இல்லாமல் தவறிய ஒரு கிளினிக்கின் விலை இவ்வளவு. நம் பதிவில் பிள்ளையின் பெயருக்கு எதிரே “கிளினிக்குக்கு வரவில்லை” என்று மட்டும் இருக்கும். ஒழுங்காக மருந்தெடுக்காதவர் என்ற பெயரும் நோயாளிக்கே சேரும். இது அநியாயம்.

இந்த மாவட்டத்தில் வேறு மாதிரி நடந்ததும் உண்டு. யுத்தகாலத்தில் கடும் மனநோய் என்றால் சோதனைச் சாவடிகளைக் கடந்து அங்கொடை மனநல வைத்தியசாலைக்குக் கொண்டுபோன குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. உளநல மருத்துவ நிபுணர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் பொறுப்பேற்ற பிறகு, இருந்த சொற்ப ஆட்களை வைத்தே, ஊருக்குள் இறங்கிப் பார்க்கும் சேவை ஒன்று கட்டப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடு முழுதும் உளநலச் சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும் கொள்கை 2005இல் வந்தபோது, அதற்கு முன்மாதிரியாகக் காட்ட கிழக்கில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தது. காசு குறைந்த காலத்தில், பாதுகாப்பு இல்லாத பாதையில் செய்த வேலை அது. இப்போது பாதை திறந்திருக்கிறது. நம்மில் பலர் கிளினிக் அறையை விட்டு வெளியே வருவது மட்டும் குறைந்துவிட்டது.

நோயாளியின் செலவில் பெரும் பங்கை நாமே தீர்மானிக்கிறோம் என்பதே இந்த இதழ் சொல்ல வருவது. கொப்பியில் அடுத்த திகதி எழுதுவது நம் கை. “ஐயா, ரெண்டு மாசத்துக்கு ஒரேயடியாத் தர ஏலாதா?” என்று கேட்கும் தாய்க்கு, வழமை ஒரு மாதம்தான் என்று பழக்கத்தில் பதில் சொல்லிவிடுகிறோம். நிலைப்பட்ட நோயாளிக்கு, கையிருப்பு இருந்தால், இரண்டு மாதம் கொடுக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தவருக்கும் லித்தியம் எடுப்பவருக்கும் அது பொருந்தாது. அப்படியானவர் வீட்டில் மருந்தை யார் கையில் வைத்துக் கொடுப்பது என்பதை முதலில் பேச வேண்டும், கொடுக்கும் அளவும் சிறியதாக இருக்க வேண்டும்.

மருந்தைத் தெரிவுசெய்வதும் அப்படித்தான். வைத்தியசாலையில் எப்போதும் கிடைக்கும் ரிஸ்பெரிடோனில் நன்றாக இருக்கும் ஒருவரை, வெளியில் மட்டும் கிடைக்கும் புதிய மருந்துக்கு மாற்றும் முன், இதை அவர் அடுத்த வருடமும் வாங்குவாரா என்று கேட்க வேண்டும். லித்தியம் தொடங்கினால், குருதியில் அதன் அளவை எங்கே பார்ப்பார், அதற்கு யார் காசு கொடுப்பார், நெல் வெட்டும் வெயிலில் போதிய தண்ணீர் குடிப்பாரா என்பதெல்லாம் நம் கேள்விகள்தான். மருந்தாளரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து எது தீரப்போகிறது என்று பார்த்துவிட்டால் துண்டுகளில் பாதியைத் தவிர்க்கலாம். சிறிய வேலை, ஆனால் யாராவது செய்ய வேண்டும்.

தனியார் சிகிச்சையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறோம். கிளினிக் வரிசையில் ஊரார் கண்ணில் பட வெட்கப்பட்டு, கடன் வாங்கிப் பின்னேரத்தில் சனல் பண்ணி வரும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு இதே வைத்தியம் அரச கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கும் என்பதே தெரியாது. முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்வது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் கடமை. சடங்கு செய்யும் கட்டாடியாரிடம் போனதற்காக யாரையும் கடிந்துகொள்வதில் பயனில்லை. காணாமல் போன பிள்ளைக்காகத் தவிக்கும் தாய்க்கு அம்மன் கோயில் வாசலில் கிடைத்த ஆறுதலை நம்மால் தர முடிந்ததில்லை. ஆனால் சடங்குக்கும் மருந்துக்கும் சேர்த்துச் செலவழிக்க வசதியில்லாத வீட்டில் எது நிற்கும் என்பதை நாம் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

மருந்து தேவைப்படாத கவலைக்கும் மனச்சோர்வுக்கும் ஊருக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். பிரதேசச் செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர். சிம்பாப்வேயின் ஹராரேயில், பயிற்சி பெற்ற மூத்த பெண்கள் கிளினிக் வளவில் வாங்கில் இருந்து பேசிப் பிரச்சினைகளைத் தீர்க்க உதவும் திட்டம் 2006இல் தொடங்கியது. 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானபோது, அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வு வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. கிரானுக்கு அந்த வாங்கு புதிதாகத் தேவையில்லை, இருக்கும் உத்தியோகத்தர்களை நம் கிளினிக்கோடு இணைத்தால் போதும். இன்று ஒரு நோயாளியை அவர்களிடம் அனுப்பினால் அவர் போனாரா இல்லையா என்று நமக்குத் தெரிவதில்லை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறோம், நல்லதுதான். ஆனால் அந்த இலக்கம் முறுத்தானைக்கு மருந்து கொண்டுபோகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாரி தொடங்க முன், ஐப்பசிக்குள், வெள்ளத்தில் துண்டிக்கப்படும் ஊர்களில் இருந்து வருவோரின் பெயர்களை ஒவ்வொரு கிளினிக்கும் தனியே எடுத்துவைக்கட்டும். யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை, எந்தத் திகதியில் மருந்து தீரும், அந்த ஊருக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் யார், படகு எந்த நாள்களில் ஓடும் என்பது அதில் இருக்க வேண்டும். அதோடு, அடுத்த கிளினிக்கில் நோயாளியின் கொப்பியைத் திறக்கும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: இன்றைக்கு இங்கே வந்து போக எவ்வளவு செலவு? பதிலைத் திகதிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து, பெயர்களை நீக்கி எங்களுக்கு அனுப்பினால், மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் வெளிக்களக் கிளினிக் கேட்கும்போது நம் கையில் கணக்கு இருக்கும்.