ஃபைபர் படகுக்குக் காயலான் கடை கிடையாது



போடியில் உட்கார்ந்துகொண்டு வாத்தியார் படகைப் பற்றி எழுதுகிறாரே என்று நினைப்பீர்கள். நமக்கு இருப்பது கொட்டகுடி ஆறு. அதில் படகு விட்டால் பாதி வருடம் தரைதான் தட்டும். ஆனாலும் இந்த விஷயம் நம்ம ஊர்ப் பக்கமும் வரப்போகிறது. நீளமான பதிவு. டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி வந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்து. இங்கே மாற்றலாகி வருவதற்கு முன் அங்கே ஒரு கடற்கரைப் பள்ளியில் சில வருடம் அறிவியல் எடுத்தேன். அப்போது படித்த பையன். பையன் என்கிறேன், அவனுக்கே பேரன் பிறந்துவிட்டான். வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மணலில் பாதி புதைந்து கிடக்கிற ஃபைபர் படகு. "சார், சுனாமிக்கு அப்புறம் குடுத்த போட்டு. ரெண்டு தடவ ஒட்டிப் பாத்தாச்சு, இனிமே தாங்காது. காயலான் கடைக்காரன் இரும்பு, அலுமினியத்தை மட்டும் எடுத்துக்கிட்டான், போட்டு வேணாம்னுட்டான். எரிச்சிரலாமா சார்?"

எரிக்காதே தம்பி என்று உடனே பதில் போட்டேன். ஆனால் அடுத்த வரியை எழுத வெகுநேரம் ஆயிற்று. எரிக்காமல் என்ன செய்வது என்று அவன் கேட்டால், நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி ஓர் இடத்தை என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு மீனவன் தனியாகப் பதில் தேட வேண்டியிருப்பதே அநியாயம் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஏன் எரிக்கக் கூடாது. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இளகும் பிளாஸ்டிக், இறுகும் பிளாஸ்டிக் என்று இரண்டு வகை. குடம், வாளியெல்லாம் முதல் வகை, வெல்லம் மாதிரி. உருக்கினால் பாகாகும், மறுபடி அச்சில் ஊற்றலாம். ஃபைபர் படகு இரண்டாவது வகை, இட்லி மாதிரி. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது. கண்ணாடி இழைப் பாயை விரித்து, மேலே பாலியெஸ்டர் ரெசினைத் தடவி, அடுக்கடுக்காக இறுக விட்டுச் செய்வது. எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி. தீ வைத்தால் ரெசின் கரும்புகையாகப் போகும், அதில் ஸ்டைரீன் முதலான நஞ்சுகள் இருக்கும். கண்ணாடி எரியாது. நொறுங்கின இழையாக மணலில் தங்கும். அந்த மணலில்தான் பிள்ளைகள் விளையாடும், மீன் காயும்.

சிலர் சொல்கிற இன்னொரு யோசனை, கடலுக்குள் இழுத்துப் போய் மூழ்கடித்துவிடலாம், மீன் தங்க இடமாகும் என்பது. செயற்கைப் பவளப்பாறை என்று நம்ம கடலில் அரசும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இறக்குவது கனமான கான்கிரீட் வார்ப்புகளை. ஃபைபர் லேசானது. மிதப்பதற்காக உள்ளே நுரை அடைத்திருப்பார்கள். நீரோட்டத்தில் உருண்டு, உடைந்து, ஒரு நாள் யாரோ ஒருவர் வலையைக் கிழிக்கும். அந்த யாரோ அவன் சொந்தத் தம்பியாகவே இருக்கலாம்.

"கடற்கரைக்காரன் குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறான்" என்று நம்ம குடும்பக் குழுவிலேயே ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குத்தான் இந்தப் பத்தி. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் கரையில் பெரும்பாலும் கட்டுமரமும் மர வள்ளமும்தான். வயதான வள்ளத்தைப் பிரித்தால் பலகை அடுப்புக்கு, ஆணி காயலான் கடைக்கு. ஒரு துண்டு மிஞ்சாது. சென்னையை மையமாக வைத்து ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம் எண்பதுகளில் ஃபைபர் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. மரம் கிடைப்பது குறைந்து, விலையும் ஏறியதால் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார்கள். அப்புறம் 2004 டிசம்பர் 26. ஒரே காலையில் எல்லாம் போயிற்று. உதவி செய்ய வந்தவர்கள் எல்லோரும் படகைத்தான் கொடுத்தார்கள், அதுவும் ஃபைபர் படகை. சில ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் நின்றன. அவசரத்தில் செய்த சில படகுகளின் தரமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நல்ல மனதோடு கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது இருபது வருடத்தில் சாகும், அன்றைக்கு எங்கே போடுவது என்று கொடுத்தவரும் கேட்கவில்லை, வாங்கவைத்தவரும் கேட்கவில்லை. இப்போது அந்த இருபது வருடம் முடிந்துவிட்டது.

இரும்பாக இருந்தால் கவலையே இல்லை. நம்ம மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 முடிவில் மூடினார்களே, கழற்றிய தண்டவாளத்தை யாராவது ஓடையில் வீசிவிட்டுப் போனார்களா? இரும்புக்கு விலை இருக்கிறது, தானாகவே ஆள் வருவான். பெரிய கப்பல் என்றால் குஜராத்தில் அலங் இருக்கிறது. கப்பல் உடைப்புக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது 500 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு. நம்ம ஆள் படகு ஒரு டன் முன்னப்பின்ன இருக்கும். சட்டத்தின் வலைக்கண் வழியாக நழுவிப் போகிற மீன் அது.

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. சிமெண்ட் சூளை. ரெசின் எரிந்து சூளைக்குச் சூடு கொடுக்கும். கண்ணாடியில் இருக்கிற சிலிகாவும் சுண்ணாம்பும் அலுமினாவும் சிமெண்டுக்குத் தேவையான சரக்குதான், அப்படியே கிளிங்கரோடு கலந்துவிடும். சாம்பல் என்று தனியாக எதுவும் மிஞ்சாது. மணலில் எரிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம், சூளைக்குள் வெப்பம் 1,400 டிகிரியைத் தாண்டும் என்பது. ஜப்பானில் 2005-லிருந்து பழைய ஃபைபர் படகுகளைச் சேகரித்து, நொறுக்கி, சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிற ஏற்பாடு இருக்கிறது. பிரான்சில் 2019 முதல் புதுப் படகு விற்கும்போதே ஒரு தொகை பிடித்து, அதில் பழைய படகுகளைப் பிரிக்கிறார்கள். நார்வேயில் பழைய படகைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் 1,000 குரோனர் கையில் கொடுக்கிறார்கள். நம்மிடம் சூளை இல்லையா? நம்ம நகராட்சிகள் பிரித்தெடுக்கிற மட்காத பிளாஸ்டிக், அரியலூர், டால்மியாபுரம் ஆலைகளுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது. அந்த லாரியில் படகுத் துண்டுக்கும் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பணம் யார் கொடுப்பது? இதற்கும் நம்ம மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. சிரிக்காதீர்கள், டாஸ்மாக். நீலகிரியில் காட்டுக்குள் பாட்டில் உடைந்து யானைக்காலில் குத்துகிறது என்று உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் வீசினாலும் பொறுக்கிக் கொண்டுவர ஆள் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் குடிக்காதே என்று சொன்ன வாத்தியார் டாஸ்மாக்கைப் பாராட்டும்படி ஆயிற்று, என்ன செய்ய.

படகுக்கு இது இன்னும் சுலபம். மரபு மீனவர் பழைய படகுக்குப் பதில் புதுப்படகு வாங்கப் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் 60 சதவீதம் மானியம் உண்டு. அந்த மானியத்தை வாங்கும்போது பழைய படகைத் துறைமுகத்தில் ஒப்படைத்த ரசீது வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒப்படைக்கிறவனுக்கு இழுத்து வந்த கூலியாவது கொடுக்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. 2017-ல் பாக் நீரிணை மீனவர்களுக்கு ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தபோது பழைய இழுவைப் படகை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏற்கெனவே இருந்ததுதான். புதுப் படகு செய்து விற்கிற பட்டறைக்காரர்களும் பங்கு போட வேண்டும். டயருக்கும் பேட்டரிக்கும் தயாரித்தவர் பொறுப்பு என்று விதி வந்துவிட்டது. பழைய வாகனங்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. படகு மட்டும் என்ன பாவம் செய்தது?

இனி நம்ம ஊர். தேனியிலிருந்து ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இறக்கையும் கண்ணாடி இழையும் ரெசினும்தான். படகின் அண்ணன் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் முதல் காற்றாலைகள் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் நின்றன. பழைய காற்றாலைகளைக் கழற்றிப் பெரிதாக மாற்ற 2024-ல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. கோபுரத்து இரும்புக்கும் உள்ளே இருக்கிற செம்புக்கும் வரிசையில் நிற்பார்கள். இறக்கைக்கு? பழையதில் ஓர் இறக்கை 14, 15 மீட்டர் இருக்கும். புதியவை 60 மீட்டரைத் தாண்டுகின்றன. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் அவற்றை வரிசையாகப் படுக்கவைத்து மண் மூடுகிற படங்களை இணையத்தில் பார்க்கலாம். நம்ம பக்கம் அது எந்தத் தரிசில், எந்தக் கண்மாய்க் கரையில் நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்துக்கு இன்றைக்கு ஒரு வழி பிறந்தால், நாளைக்கு அதே லாரி ஆண்டிபட்டிக்கும் வரும்.

தம்பிக்குக் கடைசியில் நான் எழுதியது இதுதான். முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் படகின் பதிவை ரத்து செய்துவிடு, உன் எண்ணை வைத்து வேறொருவன் மண்ணெண்ணெய் வாங்கக் கூடாது. எரிபொருள் டேங்க், ஒயர், ஆணி, போல்ட் எல்லாம் கழற்று. படகை அலை ஏறாத மேட்டுக்கு இழுத்து வை, தண்ணீர் தேங்கிக் கொசு வராதபடி கவிழ்த்துப் போடு. அறுக்காதே. அறுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறு. முகத்துக்கு நல்ல மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. லுங்கியோடு நிற்காதே, அந்தத் தூள் தோலில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிக்கும், நெஞ்சில் ஏறினால் அதைவிட மோசம். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதே. உன் ஊரில் இப்படி எத்தனை படகு கிடக்கிறது என்று எண்ணிப் பஞ்சாயத்தார் கையெழுத்தோடு கலெக்டருக்கு மனு கொடு. ஒரு படகு என்றால் குப்பை என்பார்கள், நாற்பது படகு என்றால் ஃபைல் திறப்பார்கள்.

எண்ணிக்கொண்டிருக்கிறான். நேற்று வரை பதினேழு.

ஆர்.ஆர். நகர், ஆலங்குளம், அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் நம்ம பிள்ளைகள் சிலர் வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். ஃபைபரை எந்த அளவுக்கு நொறுக்கிக் கொடுத்தால் சூளையில் எடுப்பார்கள், வெளியிலிருந்து வருகிற கழிவுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள். கடற்கரை மாவட்டங்களில் வருவாய்த் துறையிலும் மீன்வளத் துறையிலும் இருக்கிற என் மாணவர்கள் கமெண்டில் எழுதத் தயங்கினால் போனில் கூப்பிடுங்கள். காலையில் ஏழு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் எடுப்பேன்.